பின்சக்கரத்தின் அடியில் ஒரு தோல் வார்

கலைவாணி, பிரபு,

நம் பேட்டரிக் கடையை உங்கள் இருவர் கையிலும் ஒப்படைத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இதுவரை நான் உங்கள் வேலையில் தலையிட்டதில்லை. நீங்கள் டிப்ளமோ படித்தவர்கள், நான் எட்டாவதோடு நின்றவன். லித்தியத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததில் பாதிகூட எனக்குத் தெரியாது.

ஆனால் போன வாரம் ஒரு பேட்டரி ஆட்டோவில் பழைய ஈயப் பேட்டரிகளை இறக்கிவிட்டு லித்தியம் பெட்டியை ஏற்றினீர்களே, அப்போது, கலைவாணி, நீ என்னைத் திரும்பிப் பார்த்து, "நாலு பேர் வேணும்னு சொல்வியேப்பா, நானும் இவனும் மட்டுமே தூக்கி வச்சிட்டோம்" என்று சிரித்தாய். எனக்குச் சுருக்கென்றது. ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் நானும் அதே சிரிப்பைச் சிரித்தவன்தான். அந்தக் கதையை வீட்டில் நான் முழுசாகச் சொன்னதில்லை. வெட்கம்தான் காரணம். இப்போது எழுதிவிடுகிறேன். கடையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கும் படிக்கக் கொடுங்கள்.

ஆம்பூரில் ஒரு டேனரி, தோல் பதனிடுகிற இடம். பெயர் வேண்டாம். அங்கே ஒரு ஃபோர்க்லிஃப்ட் இருந்தது. முன்னால் இரண்டு இரும்புக் கரங்களை நீட்டி, மரப்பலகையோடு பாரத்தைத் தூக்கிப் போகும் வண்டி. ஸ்டியரிங்கைச் சுற்றினால் அதில் திரும்புவது பின்சக்கரம். பேட்டரியில் ஓடுவது. அதன் வயிற்றில் ஒரு பெரிய ஈயப் பேட்டரி. செயின் போட்டுத்தான் வெளியே எடுக்க முடியும். முக்கால் டன்னுக்கு மேல் இருக்கும். ராத்திரி முழுக்க சார்ஜ் போட வேண்டும், வாரம் ஒரு தடவை தண்ணீர் ஊற்ற வேண்டும், மதியத்துக்கு மேல் வண்டி சோர்ந்து போகும். சார்ஜ் போடும் மூலையில் ஆசிட் நெடி தொண்டையைப் பிடிக்கும்.

டேனரி மேனேஜரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். நல்ல மனிதர், கொஞ்சம் முன்கோபி. அவரிடம் நான்தான் போய், "பாய், லித்தியம் போட்டுடலாம். ரெண்டு மணி நேரத்துல சார்ஜ் ஏறிடும். தண்ணியும் வேணாம், நெடியும் வராது" என்றேன். அவர் யோசித்து, சரி, முதலில் ஒரு வண்டியில் போட்டுப் பார்ப்போம், நன்றாக ஓடினால் இன்னும் இரண்டு யூனிட்டில் இருக்கிற வண்டிகளும் உனக்குத்தான் என்றார். நம் பக்கத்தில் அப்போது லித்தியம் வேலை செய்கிறவர்கள் ரொம்பக் கம்மி. எனக்குத் தலை கால் புரியவில்லை.

பெங்களூரிலிருந்து பெட்டி வந்தது. பழையதன் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வண்டி வயிற்றில் வைத்தால் பாதி இடம் காலியாகக் கிடந்தது. பெட்டி ஆடக்கூடாது என்று அந்தக் காலி இடத்தில் மரக்கட்டையும் ரப்பர் ஷீட்டும் வைத்து இறுக்கினேன். பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தீங்களா, எவ்ளோ லேசு! வண்டிக்கு இருந்த சுமையே போச்சு" என்றேன். நம் தொழிலில் எடை என்றால் நமக்கு எதிரி. இடுப்பு ஒடியத் தூக்கித் தூக்கி, எடை குறைந்தால் நல்லது என்று உடம்பே நம்பிவிடும். என் தப்பு அங்கேதான் தொடங்கியது.

வண்டி ஓட்டுகிறவர் முனிரத்தினம். பேரணாம்பட்டிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிடப் பதினைந்து வயசு சின்னவர். அதிகம் பேச மாட்டார். பெட்டி ஏற்றிய மறுநாள் காலையில் காய்ந்த தோல் அடுக்கிய பலகைகளைத் தூக்கி இங்கேயும் அங்கேயும் வைத்தார். வண்டி பறந்தது. எனக்கு வாயெல்லாம் பல். பாய் ஆபீஸிலிருந்து டீ வரவழைத்துக் கொடுத்தார்.

மதியம் ஒரு லாரி வந்தது. வெட் புளூ. உங்களுக்குத் தெரியும், குரோம் ஏற்றிய ஈரத் தோல். நீலம் பாய்ந்து, கனமாக, குளிர்ச்சியாக இருக்கும். அது காயக் கூடாது. காய்ந்து விறைத்துவிட்டால் அப்புறம் எத்தனை தண்ணீரில் ஊறப்போட்டாலும் பழையபடி வராது. நம் ஊர் சித்திரை வெயிலைச் சொல்ல வேண்டுமா? லாரிக்காரர் வழியில் டயர் பஞ்சர் என்று மூன்று மணி நேரம் தாமதமாக வந்திருந்தார். தார்ப்பாயைத் தொட்டால் கை சுட்டது. உடனே இறக்கி, நிழலில் வைத்து, ஈரச் சாக்கு போர்த்த வேண்டும்.

டேனரியில் ஒரு வழக்கம். பலகைக்கு இத்தனை தோல் என்று எண்ணிக்கையில்தான் அடுக்குவார்கள். அங்கே எல்லாமே எண்ணிக்கைதான். யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. காய்ந்த தோலாக இருந்தாலும் ஈரத் தோலாக இருந்தாலும் ஒரு பலகை என்றால் ஒரு பலகை. ஆனால் எடை அப்படியா இருக்கும்?

முனிரத்தினம் வண்டியை லாரியின் பின்னால் கொண்டுபோய், கரங்களை உயர்த்தி, பலகைக்கு அடியில் செருகினார். லாரிப் பக்கத்தில் சம்பத் நின்றான். அவனும் பேரணாம்பட்டுதான், லோடு இறக்குகிறவன், முனிரத்தினத்தோடு ஒரே பஸ்ஸில் வருகிற தோஸ்த். பலகை இறங்கும்போது கையால் தாங்கி வழிகாட்டுவது அவன் வேலை. ஒரு விரல்கடை பலகை எழும்பியது. உடனே முனிரத்தினம் அதை மறுபடி லாரி மேலேயே வைத்துவிட்டார். கரங்களை உருவி, வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தி, இறங்கிவிட்டார்.

"இன்னா முனிரத்தினம், இன்னா ஆச்சு?" என்று பாய் ஓடிவந்தார்.

"தூக்க முடியாது பாய்."

"சார்ஜ் இல்லியா?"

நான் குறுக்கே புகுந்தேன். "நெறைய இருக்குது பாய். மீட்டரப் பாருங்க. முக்கால்வாசிக்கு மேல காட்டுது."

"சார்ஜ் இருக்குதுண்ணே," என்றார் முனிரத்தினம். "ஸ்டியரிங் காத்துல சுத்துது. பின்னாடி கால் ஊணல."

"நேத்து வரிக்கும் இதே லோடத்தானே தூக்கின?" என்றார் பாய்.

"நேத்து வேற வண்டி பாய்."

சம்பத் லாரிப் பக்கத்திலிருந்து கத்தினான். "பேட்டரிக்குத் தண்ணி ஊத்துறேன்னு போய் அரை மணி நேரம் டீ குடிப்பான் பாய்! இனிமே அது இல்லன்னு கோவம்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எல்லோரையும் விட ஜாஸ்தியாகச் சிரித்தது நான்தான் என்று நினைக்கிறேன்.

முனிரத்தினத்துக்கும் சிரிப்பு வந்தது. "அந்தக் கோவமும் இருக்குதுடா. ஆனா இது அது இல்ல" என்றார்.

பாய்க்கு லாரி ஒரு பக்கம், வெயில் ஒரு பக்கம். அவர் சட்டென்று ஒரு வழி சொன்னார். இன்றைக்கும் எத்தனையோ இடத்தில் செய்கிற வழிதான் அது. "பின்னாடிதானே கனம் பத்தல? ரெண்டு ஆள் பின்னாடி ஏறி நில்லுங்கப்பா. முடிஞ்சது வேலை."

நான் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் போனேன். "நானே ஏறுறேன் பாய். என் தொப்பையே போதும்" என்றேன். பிள்ளைகளே, இதை எழுதும்போது கை கூசுகிறது. என் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று காட்டுவதற்காக, தூக்கிய பாரத்தோடு ஆடுகிற வண்டியின் முதுகில் மனுஷனை ஏற்றுவது எனக்குத் தப்பாகப் படவில்லை. அந்த மனுஷன் நானே என்பதால் அது வீரம் என்றுகூட நினைத்தேன். முன்னால் பலகைக்குக் கீழே சம்பத் நிற்பான் என்பது என் நினைப்பிலேயே இல்லை.

முனிரத்தினம் வண்டியிலிருந்து சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஆளை ஏத்தி நான் ஓட்ட மாட்டேன் பாய்."

"நீ ஓட்ட வேணாம். சாவியக் குடு, சம்பத் ஓட்டுவான். அவனுக்கும் தெரியும்."

"குடுத்தா ஓட்டிடுவான் பாய். அதான் குடுக்க மாட்டேன்."

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. பாயின் முகம் சிவந்துவிட்டது. இத்தனை பேர் முன்னால் ஒரு டிரைவர் சாவி தர மாட்டேன் என்கிறார். "இன்னா பேஜார் பண்றியா? அப்போ நாளைக்கு வேலைக்கு வராத" என்றார்.

"சரி பாய், நாளைக்கு வரல," என்றார் முனிரத்தினம். குரல் உயரவே இல்லை. "இன்னிக்கு சாவி என்கிட்டதான்."

அவர் வீட்டில் சம்பாதிக்கிறவர் அவர் ஒருத்தர்தான் என்பது எனக்குத் தெரியும். ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் வேலை நம் பக்கத்தில் தெருவுக்குத் தெரு கிடைப்பதில்லை. வேலையை விட்டுக்கொடுத்து அவர் காப்பாற்றியது, இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் அவரைக் கிண்டல் செய்த சம்பத்தை. சம்பத்துக்கே அது அப்போது புரியவில்லை. "ஏண்டா, விடேண்டா" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

முனிரத்தினம் என் பக்கம் திரும்பினார். "பேட்டரிக்காரரே, ஒரு நிமிஷம் வர்றீங்களா?"

என்னோடு சண்டை போடப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கழிவுத் தோல் குவியலுக்குப் போய் ஒரு நீள வாரைத் தேடி எடுத்தார். நல்ல வழவழப்பான துண்டு, இரண்டு முழம் இருக்கும். ஷெட்டுக்குள் முந்தின நாள் வந்த வெட் புளூ பலகை ஒன்று தரையில் இருந்தது. லாரியில் இருப்பது போலவே அதிலும் அதே எண்ணிக்கை. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். வண்டியைக் கொண்டுவந்து கரங்களைப் பலகைக்கு அடியில் செருகினார். பின்சக்கரத்தை ஒட்டி வாரை என்னைப் போடச் சொல்லி, வண்டியை ஒரு சாண் நகர்த்தி அதன் மேல் ஏற்றி நிறுத்தினார். நீண்டுகிடந்த நுனி என் கையில்.

"தள்ளியே நின்னு இழுங்க," என்றார்.

இழுத்தேன். அசையவில்லை. காலை ஊன்றி இழுத்தேன். வார்தான் அறுந்துவிடும் போல இருந்தது.

"இப்போ ரெண்டு விரல்கடை தூக்குறேன். அதுக்கு மேல தூக்க மாட்டேன். தூக்கினதும் இழுங்க."

பலகை தரையை விட்டு எழும்பியதும் இழுத்தேன். வெண்ணெயிலிருந்து நூலை உருவினால் எப்படி வரும், அப்படி வந்துவிட்டது. பலமாக இழுக்கத் தயாராக நின்றதால் நான் பின்னால் தடுமாறினேன். வார் என் கையில் தொங்கியது.

உடனே பலகையைக் கீழே வைத்துவிட்டார். "இன்னொரு தடவ பாக்கணுமாண்ணே?" என்று கேட்டார். கிண்டலே இல்லாமல் கேட்டார்.

வேண்டாம் என்று தலையாட்டினேன். எனக்கு விளங்கிவிட்டது. அந்த ஈயப் பேட்டரிக்கு இரண்டு வேலை இருந்திருக்கிறது. ஒன்று, கரண்டு கொடுப்பது. இன்னொன்று, வண்டியின் பின்பக்கத்தில் கனமாக உட்கார்ந்துகொண்டு, முன்னால் தொங்கும் பாரத்துக்கு ஈடு கொடுப்பது. முதல் வேலைக்கு நான் நல்ல ஆளைக் கொண்டுவந்து வைத்தேன். இரண்டாவது வேலைக்கு யாரையும் வைக்கவில்லை. மரக்கட்டையையும் ரப்பர் ஷீட்டையும் வைத்தேன்.

பாய் என்னைப் பார்த்தார். "நீங்க இன்னா சொல்றீங்க?"

இந்த இடத்தை உங்களுக்காகக் கொஞ்சம் நிறுத்தி எழுதுகிறேன். அந்த நிமிஷத்தில் என் வாயில் மூன்று பொய் தயாராக வந்து நின்றது. வண்டி பழசு, ஹைட்ராலிக் சரியில்லை என்று சொல்லலாம். பலகையில் தோல் ஜாஸ்தி அடுக்கிவிட்டார்கள் என்று சொல்லலாம். டயர் தேய்ந்துவிட்டது, அதான் வார் வந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். பாய் நம்பியிருப்பார். இரண்டு யூனிட் வண்டிகளும் எனக்கே வந்திருக்கும். முனிரத்தினம் பஸ் ஏறிப் போயிருப்பார், அவ்வளவுதான். அந்தப் பொய்களை நான் விழுங்கியது நல்லவன் என்பதால் அல்ல. தன் வேலையை ஒரு வார்த்தையில் விட்ட மனுஷன் அடுத்த அடியில் நின்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் எனக்குப் பொய் வரவில்லை.

"தப்பு என்னுது பாய்," என்றேன். "கனத்த எடுத்தவன் பதிலுக்குக் கனம் வச்சிருக்கணும். நான் வைக்கல. இவர் சொல்றதுதான் சரி. இவர் தூக்கியிருந்தா வண்டி முன்னாடி சாஞ்சிருக்கும். சம்பத் அடியில இருந்திருப்பான்."

சம்பத் லாரியை ஒட்டி நின்ற இடத்திலிருந்து இரண்டடி தள்ளிப் போனான். யாரும் சொல்லாமல் கால் தானாகப் போனது.

பாய் நெற்றியைத் துடைத்துக்கொண்டு லாரியைப் பார்த்தார். தோல் காய்ந்துகொண்டிருக்கிறதே!

அதற்கும் முனிரத்தினம்தான் வழி சொன்னார். ஜெயித்துவிட்டோம் என்று கை கட்டி நிற்கிற ஆள் இல்லை அவர். "லாரி மேலயே ஒவ்வொரு பலகையையும் ரெண்டாப் பிரிக்கலாம் பாய். பாதிப் பாதியா இறக்கிடலாம். வெளிச்சம் போறதுக்குள்ள முடிச்சிடலாம். மொதல்ல பாதிக்கு வார் போட்டுப் பாத்துக்கலாம்" என்றார்.

தரையில் இருந்த பலகையில் பாதியை எடுத்துவிட்டு மறுபடி வார் வைத்துத் தூக்கினார். இந்தத் தடவை நான், பாய், சம்பத் மூன்று பேரும் மாறி மாறி இழுத்தோம். வரவில்லை. வாரை வைத்து எடை பார்ப்பது சரியான முறை என்று நினைத்துவிடாதீர்கள். இன்று அப்படி ஒரு நிலைமை வந்தால் நான் வண்டியை ஓரம்கட்டிவிட்டு வேறு வண்டிதான் கொண்டுவரச் சொல்வேன். அன்று அதற்கு நேரமில்லை.

நான் சட்டையைக் கழற்றிவிட்டு லாரி மேல் ஏறினேன். ஈரத் தோலை எடுத்து எடுத்துக் கொடுத்தேன். பாயும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்று சாக்கை நனைத்துக் கொடுத்தார். முனிரத்தினம் அவசரமே படவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு விரல்கடை தூக்கி, ஸ்டியரிங்கை லேசாக ஆட்டிப் பார்த்து, பின்சக்கரத்தைத் திரும்பிப் பார்த்து, அப்புறம்தான் பின்னால் எடுத்தார். முதல் பலகைக்கு எப்படிப் பார்த்தாரோ அப்படித்தான் கடைசிப் பலகைக்கும் பார்த்தார். சம்பத்தை அருகே வர விடவே இல்லை.

இடையில் தண்ணீர் குடிக்கும்போது என்னிடம் வந்தார். "கழட்டிடாதீங்கண்ணே இத," என்றார்.

"எத?"

"இந்த பேட்டரிய. நல்ல பேட்டரி. சாயந்திரம் ஆச்சு, காத்தால மாதிரியே ஓடுது பாருங்க. அந்த ஆசிட் நெடியில எனக்கு ராத்திரியெல்லாம் இருமலு. இதுக்குக் கனத்த மட்டும் வச்சிக் குடுத்துடுங்க."

இத்தனைக்கும் நடுவில் என் பேட்டரியைப் பற்றி நல்லதாகப் பேசிய ஒரே ஆள் அவர்தான். புதுசை அவர் எதிர்க்கவும் இல்லை, புதுசு என்பதற்காக நம்பவும் இல்லை. தன் உள்ளங்கைக்கு வந்த சேதியை நம்பினார். மீட்டர் முக்கால் காட்டட்டும், மேனேஜர் கத்தட்டும், நாலு பேர் சிரிக்கட்டும், ஸ்டியரிங் காற்றில் சுற்றினால் சுற்றுகிறது என்றே சொன்னார். இவ்வளவு வருஷத்தில் நான் எத்தனையோ இன்ஜினியர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குப் பெரிய இன்ஜினியர் அவர்தான்.

வெளிச்சம் இருக்கும்போதே லாரி காலியானது. ஒரு தோல்கூடக் காயவில்லை. முனிரத்தினம் வண்டியை நிறுத்திவிட்டு, பையிலிருந்து சாவியை எடுத்துப் பாயிடம் நீட்டினார். பாய் வாங்கவில்லை.

"நாளைக்கு எத்தன மணிக்கு வர்ற?" என்று கேட்டார்.

"வர வேணாம்னு சொன்னீங்களே பாய்."

"எட்டு மணிக்கு வந்து சேரு. பேஜார் பண்ணாத."

சம்பத் அவர் தோளில் கை போட்டுக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனான். "வாடா மச்சான், அரை மணி நேர டீ நான் வாங்கித் தர்றேன்" என்று சொல்லிக்கொண்டே போனான்.

அடுத்த வாரம் வண்டிக் கம்பெனியின் ஆளை வரவழைத்து, எவ்வளவு எடை வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டு, இரும்புத் தகடுகளை வெட்டி அந்தக் காலி இடத்தில் போல்ட் போட்டு இறுக்கினேன். அதற்கப்புறம்தான் முழுப் பலகை தூக்க விட்டேன். நீங்களும் எந்த வண்டியிலிருந்து எதைக் கழற்றினாலும், அது அங்கே இருந்து என்னென்ன வேலை பார்த்தது என்று முதலில் கேளுங்கள். அந்த வண்டியைத் தினமும் ஓட்டுகிறவரிடமே கேளுங்கள். ஆட்டோவாக இருந்தாலும் சரி.

லாரி காலியான அன்று சாயந்திரம், எல்லோரும் கை கால் கழுவப் போன பிறகு நான் மட்டும் ஷெட்டுக்குள் திரும்பி வந்தேன். இவ்வளவு பெரிய விஷயத்தை வண்டி செய்தவன் எங்கேயாவது எழுதாமலா விட்டிருப்பான் என்று தோன்றியது. சுற்றிச் சுற்றித் தேடினேன். சீட்டுக்குப் பக்கத்தில், கண்ணுக்கு நேராக, ஒரு தகடு அடித்திருந்த இடம் தெரிந்தது. தகடுதான் தெரியவில்லை. அதன் மேல் நம் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கடைப் பெயர், போன் நம்பர், மின்னல் படம். முந்தின நாள், பளபளவென்று நல்ல சமமான இடமாக இருக்கிறதே என்று நானே தேய்த்து ஒட்டியது.

நகத்தால் ஓரத்தைக் கிளப்பி உரித்தேன். பாதி கிழிந்து பாதி நின்றது. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் பசை போகத் தேய்த்தேன். இங்கிலீஷ் எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. குனிந்து, விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தேன். பேட்டரி. வெயிட். மினிமம். பக்கத்தில் ஒரு எண், கிலோ.

அந்த எண்ணை வாய்விட்டு இரண்டு தடவை சொன்னேன். கிழிந்த ஸ்டிக்கரைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு, தகட்டை மறுபடியும் ஒரு தடவை துடைத்தேன்.